புதுத் தொழில்நுட்பம் வந்தால் என் மகளுக்கு என்ன மிஞ்சும்?

"புதிதாக எது வந்தாலும் பணம் இருப்பவருக்குத்தான் லாபம். நான் கடன் வாங்கி மகளை ஏ.ஐ. படிக்க வைத்து என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வீண் பயம் என்று தள்ளிவிட மாட்டேன்.

வளரும் நாடுகளுக்கு வந்து இறங்கும் இயந்திரங்களும் மென்பொருளும் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் உருவானவை. அங்கே கூலி அதிகம், ஆளைக் குறைத்தால்தான் லாபம். ஆள் மலிவாகக் கிடைக்கும் நாட்டுக்கு அதே இயந்திரம் வரும்போது, அதை இயக்கத் தெரிந்த சிலருக்குச் சம்பளம் ஏறுகிறது. கையால் செய்துவந்தவருக்கோ கூலி நின்ற இடத்திலேயே நிற்கிறது, சில சமயம் வேலையே போய்விடுகிறது. இடைவெளி இப்படித்தான் விரிகிறது.

ஆனால் எல்லாப் புதுமையும் ஆளைக் குறைக்க வந்ததல்ல. கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் சாதாரண கைபேசியில் பணம் அனுப்பினார்கள். அதனால் சுமார் 2 சதவீதக் குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மேலே வந்தன என்று 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதிகம் பயனடைந்தது பெண்கள் தலைமையேற்ற குடும்பங்கள். விவசாயத்தை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு மாறிய பெண்கள் பலர். அந்தக் கருவி யாருடைய வேலையையும் பிடுங்குவதற்காக வரவில்லை, அவர்கள் கைக்கு எட்டாததை எட்ட வைத்தது.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. புதுத் திறமைக்குக் கிடைக்கும் கூடுதல் சம்பளம், அது சிலரிடம் மட்டும் இருக்கும்வரைதான். பிரேசிலில் படித்தவர் தொகை பெருகியபோது, படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இருந்த சம்பள வித்தியாசம் சுருங்கியது. 2000களில் அங்கே ஏற்றத்தாழ்வு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டுக்கு நல்லதுதான், ஆனால் அந்த வித்தியாசத்தை நம்பிக் கடன் வாங்கியவருக்கு? இன்று எல்லாரும் ஓடும் படிப்பை உங்கள் மகள் நான்கு வருடம் கழித்து முடிக்கும்போது, வாசலில் வரிசை நீண்டிருக்கும்.

அதனால் ஏ.ஐ. என்று பெயர்ப்பலகை மாட்டிய படிப்புக்குக் கூடுதலாகப் பணம் கொட்ட வேண்டாம். கணக்கு, புள்ளியியல், தெளிவாக எழுதுவது ஆகியவற்றில் அடித்தளம் வேண்டும். கூடவே மருத்துவமோ விவசாயமோ கணக்கியலோ, ஏதாவது ஒரு துறையின் நெளிவுசுளிவு தெரிய வேண்டும். ஏ.ஐ. கருவியை அந்தத் துறைக்குள் இருந்தபடியே பழகிக்கொள்ளலாம், அதற்கென்று ஒரு பட்டம் தேவையில்லை. கருவி மாறினாலும் துறையறிவு கையில் இருக்கும்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளத்தை விட்டுவிட்டு, சென்ற வருடம் முடித்தவர்களில் நடுவில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று விசாரியுங்கள். அந்தச் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். அப்புறம் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, அவளுக்குப் பிடித்த வேலையில் இயந்திரம் செய்யக்கூடியது எது, ஆள்தான் செய்ய வேண்டியது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள். கல்லூரிப் பெயர்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.