ஐந்து சகோதரிகளும் அயல் வீட்டுப் பெடியளும்: கேள்வி பதில்

ஜெஃப்ரி யூஜெனிடிஸ் எழுதி 1993இல் வெளிவந்த ‘தி வெர்ஜின் சூசைட்ஸ்’ நாவலைப் பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவை.

பரந்தன்: கதையை ஒருக்கா சொல்லுங்கோ சேர்.

1970கள். டெட்ராயிட் நகரத்துக்குப் பக்கத்தில் வசதியான புறநகர். லிஸ்பன் வீட்டின் ஐந்து பெண் பிள்ளைகளும் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். அயல் பெடியள் நடுவயதான பிறகு, ‘நாங்கள்’ என்று ஒரே குரலில் அதைச் சொல்கிறார்கள். இந்த நாவலை வைத்து சோஃபியா கொப்போலா எடுத்த படத்தை முதலில் பார்க்காதீர்கள். அந்தக் கூட்டுக்குரல் புத்தகத்தில்தான் முழுமையாகக் கேட்கும்.

மல்லாவி: ஏன் செத்தார்கள்?

நாவல் விடை தராது. அதைத் தேடி வாசித்தால் ஏமாறுவீர்கள்.

வவுனியா: மரம் வெட்டுவது எதற்கு?

எல்ம் மரங்களுக்கு வண்டு பரப்பும் பூஞ்சை நோய். ஊர் ஒவ்வொன்றாகத் தறிக்கிறது. செத்துப்போன கடைசித் தங்கை நேசித்த மரத்தைத் தறிக்க ஆட்கள் வந்ததும், அக்காமார் இரவு உடுப்போடு ஓடிவந்து அதைச் சுற்றி நிற்கிறார்கள்.

முள்ளியவளை: ஊரையே இழந்த எங்களுக்கு அமெரிக்க வசதிக்காரரின் துக்கம் எதற்கு?

நியாயமான கோபம், தம்பி. இரண்டு இழப்பையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் 2009இல் எத்தனை பேர் ஒரு பையில் படங்களை மட்டும் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள்? இந்தப் பெடியளும் அந்த வீட்டுக் குப்பையிலிருந்து குடும்பப் படங்களைப் பொறுக்கி, சான்றுப்பொருள் என்று இலக்கமிட்டு வைத்திருக்கிறார்கள். சகோதரிகளில் ஒருத்தியான போனியின் மெழுகுதிரிகளை எலி கடித்திருக்கிறது. பொருள் பழுதாக, நினைவும் பழுதாகிறது. அது எங்களுக்குத் தெரிந்த வேதனைதான்.

முள்ளியவளை: சரி, அப்ப பெட்டையளின் குரல் எங்கே?

இதுதான் இன்றைய நல்ல கேள்வி. அவர்களின் குரல் இல்லை, ஆசிரியர் வேண்டுமென்றேதான் அதை விட்டிருக்கிறார். பெற்றோர் அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் அடைத்த பிறகு, தொலைபேசியில் இசைத்தட்டு போட்டுத்தான் இரு பக்கமும் பேசிக்கொள்கின்றன. பெடியள் காதலித்தது தங்கள் கற்பனையை. இவ்வளவு சேகரித்தும் அந்தப் பிள்ளைகளை அவர்கள் அறியவில்லை என்பதே நாவலின் குற்றச்சாட்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புதுக்குடியிருப்பு: சாதாரண தரம் படிக்கும் மகளுக்குக் கொடுக்கலாமா?

தனியே கொடுக்காதீர்கள் அக்கா. நீங்களும் வாசித்து அவளோடு கதையுங்கள். பிள்ளை மனம் சோர்ந்திருந்தால் இப்போது வேண்டாம். முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள்.

நெடுங்கேணி: ஏன் செத்தார்கள் என்று சொல்லவில்லையே?

மல்லாவிக்குச் சொன்னதுதான்.

மாங்குளம்: படம் பார்த்தால் போதாதா?

போதாது. ஐந்தே அத்தியாயம். முதலாவதை ஒரே இருப்பில் வாசியுங்கள். படம் பிறகு.