கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்: வயிற்றைத் திறந்தா, துளை போட்டா, கீழ்வழியாகவா?

எனக்கு 47 வயது, பினாங்கு குளுகோர்க்காரி. போன வருஷம் உங்களைப் போலத்தான் நானும் குழம்பிக் கிடந்தேன். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவில் பார்த்துச் செய்கிற லேப்ராஸ்கோப்பி முறையில்தான் செய்துகொள்வேன் என்று அடம்பிடித்துப் போனவள், கடைசியில் வயிற்றைத் திறந்தே செய்துகொண்டேன். வருத்தமில்லை.

அண்ணிக்குக் கர்ப்பப்பை இறங்கிப்போனதால் கீழ்வழியாகவே, அதாவது பிறப்புறுப்பு வழியாகவே எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. முடிகிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். எனக்கும் அப்படியே செய்யலாமா என்று ஜிஎச்சில் (அரசாங்க ஆஸ்பத்திரி) கேட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துத் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வைத்து அழுத்தினார். "தொட்டுப் பாருங்கம்மா, நார்க்கட்டியோட (ஃபைப்ராய்டு) சேர்ந்து கர்ப்பப்பை 18 வாரக் கர்ப்பம் அளவுக்கு இருக்கு." கல் மாதிரி இருந்தது. போதாததற்கு இரண்டு பிள்ளையும் சிசேரியன். பழைய தழும்போடு மூத்திரப்பை ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றார்.

துளை முறை முடியவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பெரியதை வெளியே எடுக்க உள்ளேயே நறுக்க வேண்டும். கட்டிக்குள் தெரியாத புற்று இருந்தால், நறுக்கும் மின்கருவி அதை வயிற்றுக்குள் பரப்பிவிடலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் எச்சரித்திருக்கிறது. அபூர்வம்தான், பைக்குள் போட்டு நறுக்குவதும் உண்டு. எனக்கு மனசு வரவில்லை.

இடையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரோபோட்தான் லேட்டஸ்ட் என்றார்கள். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பதிலுக்கு முன்னால் விலைப்பட்டியல் வந்தது. புற்றில்லாத சாதாரணக் கட்டிக்குத் துளை முறையைவிட ரோபோட் மேல் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சரி, வலி? அடிவயிற்றில் குறுக்கே வெட்டு. முதல் சில நாள் இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டுதான் இருமுவேன். ஆறு வாரம் ஈரத்துணி வாளியைக்கூடத் தூக்கவில்லை. துளை முறையில் செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரி மறுநாளே வீட்டில் இருந்தாள்; பொறாமையாகத்தான் இருந்தது. அவளுக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்ததாம், உள்ளே ஏற்றுகிற வாயு செய்யும் வேலை. உள்தையல் ஆறும்வரை அவளும் கனம் தூக்கக் கூடாது என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

டாக்டரிடம் போகும்போது எத்தனை வார அளவு, நீங்கள் எந்த முறையை அதிகம் செய்கிறீர்கள் என்று இரண்டையும் கேளுங்கள். அதற்கும் முன்னால், சூலகங்களை (கருமுட்டை உண்டாகும் உறுப்புகளை) விடுவார்களா எடுப்பார்களா என்று கேளுங்கள். நான் விடச் சொன்னேன்; அவற்றையும் எடுத்து, மாதவிடாய் நிற்கிற வயதின் அவஸ்தை ஒரே நாளில் வந்து இறங்க வேண்டாமே.