சாட்ஸ்வர்த் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை?

ஸ்தோத்திரம் தங்கச்சி. நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றும், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உங்கள் சபையின் சண்டே ஸ்கூலில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளின் வகுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கதை சொன்னால் கண் கொட்டாமல் கேட்கிறார்கள், கேள்வி கேட்டால் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "என் இங்கிலீஷ் சரியில்லையா அக்கா, இல்லை என்னைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடிக்காமல் இல்லை. பிடிக்காத டீச்சர் கதை சொன்னால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். இங்கிலீஷிலும் பெரிய குறை இருக்காது. ஆனால் நாம் பேசும் வேகமும் உச்சரிப்பும் இவர்கள் காதுக்குப் புதிது. பாதி புரியாவிட்டாலும் "என்ன ஆன்ட்டி?" என்று திருப்பிக் கேட்கத் தயங்குவார்கள், நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்ற எண்ணம். அதனால் முக்கியமான கேள்வியைப் போர்டில் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு வரி போதும்.

இன்னொன்று, தயவுசெய்து "தமிழ் தெரியாதா?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிற எல்லோருக்கும் வாயில் வருகிற முதல் கேள்வி அதுதான், ஆசையில்தான் கேட்கிறோம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் இந்த டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்திறங்கியவர்களில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்கு, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுடைய ஐந்தாவது, ஆறாவது தலைமுறைதான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் கோவெண்டர், மூட்லி, பிள்ளை என்று இருக்கும், வீட்டில் பேசுவது இங்கிலீஷ். தாத்தா என்ற சொல்லும் சாப்பாட்டுப் பெயர்கள் சிலவும் மிஞ்சியிருக்கலாம். இந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் கிடையாது. வந்த அன்றே தோற்றுப்போனதுபோல் அதற்குத் தோன்றிவிட்டால், அப்புறம் வேதக் கதையில் வரும் யோனாவைப் பற்றிக் கேட்டாலும் வாய் திறக்காது.

நம் ஊர் ஓய்வுநாள் பள்ளியும் (அதாவது சண்டே ஸ்கூல்) வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியும் நம்மை ஒரு விதமாகப் பழக்கியிருக்கின்றன. யோனா எத்தனை நாள் மீன் வயிற்றில் இருந்தான்? கை பறக்கும், சரியாகச் சொன்னவனுக்குப் பரிசு. அதில் தப்பில்லை, நானும் நீங்களும் வேதத்தைக் கற்றது அப்படித்தான். ஆனால் அந்த மாதிரிக் கேள்விக்குச் சரி, தப்பு என்று இரண்டே முடிவுதான். கூச்சமுள்ள பிள்ளை பதில் தெரிந்தாலும் அந்தப் பந்தயத்துக்கு வராது. உங்கள் வகுப்பில் பேசுகிற அந்த இரண்டு பேர் பந்தயம் பிடித்தவர்கள், அவ்வளவுதான்.

பதில் உங்கள் கையிலேயே இருக்கிற கேள்விகளைக் குறையுங்கள். உங்களுக்கே பதில் தெரியாததைக் கேளுங்கள். புதிதாக வந்தவர் என்பதால் அது உங்களுக்குச் சுலபம். இந்த ஊரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட உங்களுக்குத் தெரியாதே.

ஒரு பையன் கொடுத்த ஐந்து அப்பம் இரண்டு மீனை வைத்து இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த கதையை எங்கள் வகுப்பில் நடத்தினபோது, அந்தப் பையனுடைய அம்மா இன்றைக்கு இங்கே இருந்தால் என்ன கட்டிக் கொடுத்திருப்பாள் என்று கேட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். படமாக வரையலாம், எழுதலாம். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி, பொலோனி என்ற இறைச்சித் துண்டு வைத்த பிரெட், இந்த ஊர் ஆப்பிரிக்க இனமான ஜூலு பிள்ளை ஒன்றின் தாளில் மக்காச்சோள மாவில் செய்கிற புட்டு. பக்கத்தில் இருப்பவரிடம் காட்டச் சொன்னதும் அறை முழுக்கச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில், அதுவரை எங்களிடம் தலையை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை, பக்கத்துப் பிள்ளையிடம் தாழ்ந்த குரலில், "அவன் கொடுத்துவிட்டது அவன் அம்மாவுக்குத் தெரியாதே, வீட்டுக்குப் போனதும் திட்டியிருப்பாள்" என்றாள். நாங்கள் அதை வாங்கி உரக்கச் சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளைதான் எழுந்து, "இவள் சொல்கிறாள்" என்று வகுப்புக்குச் சொன்னாள். வகுப்பு முழுக்க அந்த அம்மாவைப் பற்றியே பேசித் தீர்த்தது. யோவான் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள் தங்கச்சி, அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இயேசுவின் சீடர் அந்திரேயாதான் அவனுக்காகப் பேசுகிறார்.

முதலில் தனியாக யோசி, அடுத்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல், கடைசியில் எல்லோருக்கும் சொல் என்ற இந்த வரிசை புதிதல்ல. பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981-இல் எழுதிவைத்தது. கடைசிப் படியில் தன் பதிலைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவருடைய பதிலைச் சொல்லலாம் என்று விட்டுவிட்டால், பயந்த பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

அப்புறம், காத்திருங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடி அமைதி நமக்குத் தாங்காது, உடனே பதிலை நாமே சொல்லிவிடுவோம். மனதுக்குள் எண்ணிக்கொண்டு நில்லுங்கள். அந்த நேரத்தில் யார் முகத்தையும் குறிவைத்துப் பார்க்க வேண்டாம்.

முகம் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் வகுப்பில் ஜூலு பிள்ளைகளும் இருந்தால், பெரியவர்களை நேருக்கு நேர் பார்க்காமல் இருப்பது அவர்கள் வீட்டு மரியாதை. "என்னைப் பார்த்துப் பேசு" என்று சொல்லிவிடாதீர்கள்.

பேசாத பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் டிக் அடிப்பது, கலர் பென்சில் கொடுத்து வாங்குவது. பென்சில் கேட்டு மற்றவர்கள் வருவார்கள், பேச்சு தானாக வரும். வகுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் முந்தி வந்து, வருகிறவர்களிடம் சாதாரணமாகப் பேசுங்கள். ஆனால் ஒரு பிள்ளையைத் தனியாக அறைக்குள் வைத்துப் பேச வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படி இருங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளை, பள்ளியிலும் சபையிலும் மாதக்கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால், அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். பதற்றத்தால் வருகிற பேசாமை என்று ஒன்று உண்டு, பிள்ளை வீம்பு பிடிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வற்புறுத்தினால் அது இன்னும் அதிகமாகும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், குழந்தை மனநல மருத்துவரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ பார்க்கட்டும்.

அக்டோபர் வந்தால் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பாத்திரம் பிரிப்பார்கள். "இந்தத் தடவை எல்லோரும் மேடை ஏற வேண்டும்" என்று சபையில் யாராவது சொன்னால் உங்கள் பிள்ளைகளுக்காக நீங்கள் பேசுங்கள். திரை இழுக்க, நட்சத்திரம் பிடிக்க, விளக்கு போட ஆள் வேண்டும். முந்தின வாரமே ஒவ்வொருவரிடமும் எது வேண்டும் என்று தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். வசனம் வேண்டும் என்று எழுதுகிறவர்களில் நீங்கள் எதிர்பார்க்காத பெயரும் இருக்கலாம்.