சிகாகோ புறநகரில் இருக்கிறோம். வீட்டு முன்புறத்தில் பிரெய்ரி (இங்கத்து இயற்கைப் புல்வெளி) காட்டுப்பூ ஒன்று வளர்க்க ஆசை. எதில் தொடங்கலாம், விதையா நாற்றா?

பட்டர்ஃப்ளை வீட் (butterfly weed) என்ற செடியில் தொடங்குங்கள். தாவரவியல் பெயர் அஸ்கிளெப்பியாஸ் டியூபரோசா. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். உயரம் இரண்டு அடிக்குள்தான், அதனால் வீட்டு முன்னால் வைத்தாலும் புதர் மண்டியது போல் தெரியாது. கோன்ஃப்ளவர் என்ற இன்னொரு பிரெய்ரிப் பூ இதைவிடச் சுலபம் என்பார்கள், உண்மைதான். ஆனாலும் நம்மவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இது எருக்கின் பங்காளி.

பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள், எருக்கம்பூவின் நடுவில் இருக்கும் அதே மாதிரிக் கிரீடம். மகரந்தம் தூளாக உதிராமல் சின்னப் பொட்டலங்களாகப் பூச்சியின் காலில் மாட்டிக்கொண்டு போகும் ஏற்பாடும் அதேதான். ஊரில் எருக்கிலையைத் தின்று வளர்வது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. இங்கே இந்தச் செடியில் மானார்க் பட்டாம்பூச்சியின் புழு. இரண்டும் ஒரே பேரினம், புழுக்களின் உடலில் ஓடும் கருப்பு வெள்ளை மஞ்சள் பட்டைகளைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். எருக்கிலும் அரளியிலும் அப்பிக்கிடக்குமே மஞ்சள் அசுவினி, அதுவும் தவறாமல் இங்கே வந்து சேரும். ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். மருந்து அடித்தால் அசுவினியோடு மானார்க் புழுவும் போய்விடும்.

ஒரு வித்தியாசம், இதைக் கிள்ளினால் பால் வராது, தெளிந்த நீர்தான் கசியும். இந்தச் செடியின் பேரினத்துக்கே மில்க்வீட் என்றுதான் பெயர், அதன் மற்ற வகைகளில் பால் உண்டு. எருக்கம்பால் போலவே அது கண்ணில் படக்கூடாது.

இப்போது மண். இந்தச் செடியின் பாதி வாழ்க்கை தரைக்கு அடியில்தான். முள்ளங்கி போல் ஆணிவேரை நேராகக் கீழே இறக்கும். பிரெய்ரிச் செடிகள் எல்லாமே வேரில் முதலீடு போடுகிற ஜாதி. அந்த வேர்ப்பின்னலையும் ஒட்டும் கரிசல் மண்ணையும் வார்ப்பிரும்புக் கலப்பையால் சமாளிக்க முடியாமல்தான் 1837-ல் ஜான் டியர் இதே இலினாயில் எஃகு முகம் வைத்த கலப்பையைச் செய்தார். அதன் பிறகு நடந்தது தெரிந்ததே. சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்த மாநிலத்தில் இன்று கெடாமல் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 2,500 ஏக்கர்.

ஆணிவேர் என்பதால் இரண்டு விதிகள். நட்ட இடத்திலிருந்து பெயர்க்கக்கூடாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் வைக்கக்கூடாது, வேர் அழுகிவிடும். நம் புறநகர் வீடுகளில் பெரும்பாலும் களிமண். பில்டர் மேல்மண்ணை வழித்துவிட்டு மேலே ஒரு விரல் கனத்துக்குப் புல் பாய் விரித்திருப்பார். அதனால் நாள் முழுக்க வெயில் படும் சரிவோ, டிரைவ்வே ஓரமோ, நடைபாதை விளிம்போ பாருங்கள். மழை விட்ட மறுநாளும் தண்ணீர் நிற்கிற இடம்தான் இருக்கிறதென்றால் இதை விட்டுவிட்டு ஸ்வாம்ப் மில்க்வீட் வையுங்கள். அது ஈரக் களிமண்ணில் செழிக்கும், மானார்க் முட்டையிடவும் அதையே அதிகம் விரும்பும்.

விதையா நாற்றா என்றால், பொறுமை இருந்தால் விதை. கடையில் வாங்கிய விதையை மே மாதம் நேராகத் தூவிவிட்டு முளைக்கவில்லை என்று சொல்பவர்கள் அநேகம். ஈரமும் குளிரும் சேர்ந்து ஒரு மாதமாவது பட்டால்தான் இந்த விதை நன்றாக முளைக்கும். ஈரமான பேப்பர் டவலில் மடித்து, ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். மேலே பெயர் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த வழி பால் கேன். தயிருக்கு உறை ஊற்றும் வீட்டில் காலன் கேனுக்குப் பஞ்சமா என்ன? நடுவில் சுற்றிலும் அறுத்து, கைப்பிடிப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அடியில் துளை போட்டு, மூன்று நாலு அங்குலம் மண் நிரப்பி, விதையைத் தூவி மெலிதாக மூடி, டேப் ஒட்டி, மூடியைக் கழற்றிவிட்டு ஜனவரியில் வெளியே வைத்துவிடுங்கள். பனி விழட்டும், உறையட்டும், உருகட்டும். வசந்தம் சூடுபிடித்ததும் தானே முளைக்கும். இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும், வேர் அடியைத் தொடுவதற்குள், நிரந்தர இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உரம் வேண்டாம், கம்போஸ்ட்டும் வேண்டாம், ஊட்டம் மிஞ்சினால் தண்டு துவண்டு சாயும். விதைச்செடி முதல் வருஷம் சாண் உயரம்கூட வராது, பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். வசந்தத்தில் மற்ற செடிகளெல்லாம் துளிர்த்த பிறகும் இது தூங்கிக்கொண்டிருக்கும், சில வருஷம் மே பாதிக்குமேல்தான் தலை காட்டும். செத்துவிட்டது என்று தோண்டிவிடாமல் இருக்க ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கமான அசோசியேஷன்காரர்கள் ஆட்சேபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். 2024-ல் வந்த மாநிலச் சட்டப்படி, களையில்லாமல் பராமரிக்கும் உள்நாட்டுச் செடித் தோட்டத்தை அவர்கள் ஒரேயடியாகத் தடுக்க முடியாது. இருந்தாலும் சுற்றி ஒரு செங்கல் வரிசை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது தோட்டம் என்று புரியும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெரிய கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் டிராபிகல் மில்க்வீடையும் இதே போன்ற பெயரில் விற்பார்கள். அது இந்த மண்ணுடையது அல்ல, இங்கத்துக் குளிரில் செத்தும் போகும். நாற்று வாங்குவதாக இருந்தால் நியோநிகோட்டினாய்டு என்ற பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று நேராகவே கேளுங்கள். இலைக்குள் ஊறிய அந்த மருந்து தின்னவரும் புழுவைக் கொல்லும். கடைக்காரர் மழுப்பினால் நாற்றை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.