‘*’ போட்ட வினவல் ஏன் முடிவதே இல்லை?

கேள்வி: மென்பொருள் தொகுப்புகளின் சார்புகளை (எது எதைப் பயன்படுத்துகிறது என்பதை) நியோ4ஜேயில் வைத்திருக்கிறேன். அது தரவை நோடுகளாகவும் (புள்ளிகள்) அவற்றுக்கு இடையிலான இணைப்புகளாகவும் சேமிக்கும் தரவுத்தளம். ஒரு தொகுப்பு எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று எடுக்க (அ)-[ச:சார்பு*]->(ஆ) என்று எழுதினேன் (‘*’ என்றால் எத்தனை படி வேண்டுமானாலும்). சோதனைத் தரவில் உடனே விடை வந்தது. முழுத் தரவில் வரவே இல்லை. எங்காவது சுழற்சி இருக்குமா?

பதில்: சுழற்சி இருந்தாலும் வினவல் முடிவில்லாமல் சுற்றாது. நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபர் ஒரே பாதையில் ஓர் இணைப்பை இரண்டு முறை கடப்பதில்லை. (நோடுக்கு அந்தத் தடை கிடையாது, வேறு இணைப்பு வழியாக அதே நோடுக்கு மறுபடி வரலாம்.) உங்களைத் திணறடிப்பது பாதைகளின் எண்ணிக்கை.

ஒரு தொகுப்பு இரண்டைச் சார்ந்திருக்கிறது, அந்த இரண்டும் நான்காவது ஒன்றைச் சார்ந்திருக்கின்றன என்று வையுங்கள். வைர வடிவம், மேலிருந்து கீழே போக 2 பாதை. இப்படி 20 வைரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோர்த்தால் 61 நோடு, 80 இணைப்புதான். சுழற்சியே இல்லை. ஆனால் உச்சியிலிருந்து கடைசி நோடுக்கு 10,48,576 பாதைகள்! அந்த ஒரே நோடு அத்தனை வரிகளாகத் திரும்பி வரும். சார்புத் தரவில் இந்த வடிவம் எங்கும் கிடக்கும்.

உங்களுக்கு வேண்டியது நோடுகள் மட்டுமே, பாதைகள் அல்ல. அதை வினவலில் சொல்லிவிடுங்கள்: ரிட்டர்ன் டிஸ்டிங்க்ட் ஆ (ஒவ்வொரு நோடும் ஒரு முறை மட்டும் வரும்). கூடவே ‘ச’ என்ற பெயரை எடுத்துவிடுங்கள். பாதைக்கோ இணைப்புக்கோ பெயர் வைத்து அதைப் பின்னால் பயன்படுத்தினால், எஞ்சின் ஒவ்வொரு பாதையையும் தனித்தனியாகக் கட்டித்தான் ஆகவேண்டும். பிறகு வினவலின் முன்னால் ‘ப்ரொஃபைல்’ சேர்த்து ஓட்டுங்கள்; வினவல் எந்தப் படிகளில் ஓடியது என்ற திட்டத்தை அது காட்டும். திட்டத்தில் வார்லெங்த்எக்ஸ்பாண்ட் (‘*’ பகுதியை விரிக்கும் படி) என்பதற்குப் பக்கத்தில் ‘ப்ரூனிங்’ (தேவையற்ற பாதைகளை வெட்டுவது) என்று இருந்தால் சரி; ‘ஆல்’ என்று மட்டும் இருந்தால் இன்னும் எல்லாப் பாதைகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

அம்புக்குறியை ஒருபோதும் விடாதீர்கள். திசை இல்லாவிட்டால், பலரும் பயன்படுத்தும் ஒரு நூலகத்தைத் தொட்டதும் அதைச் சார்ந்த அத்தனை தொகுப்புகளுக்கும் மேல்நோக்கி ஏறிவிடும். வேகம் போவது ஒருபுறம், விடையே தவறு.

ஆழத்துக்கு *1..6 போல மேல் எல்லை வைப்பது நல்லதுதான், ஆனால் 7-ஆம் படியில் இருக்கும் சார்பு சத்தமில்லாமல் விடுபடும். பாதுகாப்புச் சோதனைக்கு இது ஆகாது. அந்த எண்ணைப் பாராமீட்டராகவும் (வினவல் உரைக்கு வெளியே தனியாக அனுப்பும் மதிப்பாக) தர முடியாது. வினவல் உரையிலேயே எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் மதிப்பென்றால் முழு எண்தானா என்று பார்த்த பிறகே சேருங்கள்.

‘இந்தத் தொகுப்பு எப்படி உள்ளே வந்தது?’ என்று ஒரு பாதை மட்டும் காட்ட வேண்டுமானால், இரு முனைகளையும் முதலில் தேடிப் பிடித்துவிட்டு, மிகக் குறுகிய பாதையைத் தரும் ஷார்ட்டஸ்ட்பாத் பயன்படுத்துங்கள்.