தெருக்கதை யாரிடம் இருக்கிறது? – கடிதம்

ஐயா,

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். தெருவின் பழைய கதைகளை எழுதுங்கள் என்று பல மாதமாகக் கேட்டும் குட்மார்னிங் படமும் தண்ணீர் லாரி எப்போது என்ற கேள்வியும்தான் வருகின்றன. பரிசு அறிவிக்கலாமா? பிழை வருமோ என்ற கூச்சமா? வீட்டுக்காரர்களை மட்டும் சேர்த்திருப்பதால் தரமாக நடத்த முடியும் என்றுதான் நம்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பதிலே வராத இடத்தில் விடாமல் கேட்கிறீர்களே, அந்த மனசு பெரிது. பரிசெல்லாம் வேண்டாம். பிழை இருந்தால் இருக்கட்டும்.

உங்கள் கடைசி வரிதான் சுருக்கென்றது. வீட்டுக்காரர்கள் மட்டுமா? அவர்களில் பாதிப் பேர் நேற்று ஃபிளாட் வாங்கி வந்தவர்கள். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகு வருகிறவர்கள். பகலெல்லாம் தெருவில் நிற்பவர் யார்?

2015 சென்னை வெள்ளத்துக்கு முந்தைய நாள் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்மூலை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனார். ஏன் என்றேன். "இங்க தண்ணி நிக்கும் சார். அது மேடு. எங்கப்பா வண்டி போட்ட காலத்துலேர்ந்து அப்படித்தான்." சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். துணிமூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார். டிசம்பர் 1 ராத்திரி ஃபிளாட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே நின்ற கார்களுக்குள் ஸ்டியரிங் வரை தண்ணீர். அவர் வண்டியில் ஒரு துணி நனையவில்லை. நாங்கள் ஒருவரும் அவரிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை.

உங்கள் பக்கத்துக்கே வருகிறேன். மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில்தான். இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். உங்கள் தெருவில் எந்த வாசலில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டுக் கிணற்றை மூடிக் கார் நிறுத்தினார்கள் என்பது கிடைக்காது. அது பூக்காரம்மாவிடம் இருக்கிறது, வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்து வயதானவரிடம் இருக்கிறது. அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தரம் என்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது அம்மா. தெருவை அறிந்தவர்களைக் கழித்துவிட்டுத் தெருக்கதை கேட்டால் குட்மார்னிங் படம்தான் வரும்.

இன்னொன்று. "கதை எழுதுங்கள்" என்றால் எவருக்கும் கை ஓடாது. "அந்த ராத்திரி உங்கள் வீட்டில் எத்தனை படி முழுகியது?" என்று கேட்டுப் பாருங்கள். வாயே திறக்காத பெரியவர்கூடப் படியை எண்ணிச் சொல்வார். அப்படியே மாடியில் யார் சோறு வடித்தார்கள், யார் வீட்டு மாவு எல்லோருக்கும் தோசையானது என்று போய்க்கொண்டே இருப்பார்.

நாளைக்கே உங்கள் இஸ்திரிக்காரரிடம் போங்கள். சம்மதம் கேட்டு, அவர் பேசுவதை அவர் குரலிலேயே பதிந்து குழுவில் போடுங்கள். அதற்கு முன் அவரைக் குழுவில் சேருங்கள். மற்றவர்கள் சொல்லும் பதிலை அவரும் கேட்க வேண்டும்.