போலீஸ் கேமரா பற்றிய உங்கள் கேள்விகள்: பெங்களூரிலிருந்து ஒரு வக்கீலின் பதில்

அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கத்து நம்மவர்கள் கேட்டவை இவை. இங்கே கிரிமினல் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அல்சூர் பஜார் சந்தில் நேற்று அம்மா கழுத்திலிருந்த செயினை அறுத்துவிட்டார்கள். ஊர் முழுக்க போலீஸ் கேமரா இருக்கிறதே, ஆள் சிக்கிவிடுவான்தானே?

பதில்: அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே தம்பி. பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் வந்த சேஃப் சிட்டி திட்டத்தில் 7,000க்கு மேல் கேமராக்கள் இருப்பது உண்மைதான், ஆனால் சந்துக்குள் நடந்ததைக் காட்டப்போவது அநேகமாக ஏதாவது ஒரு மளிகைக்கடையின் கேமராதான். டிஸ்க் நிறைந்தால் பழையது அழிந்து அதன் மேலேயே புதியது பதிவாகும், சின்னக் கடைகளில் ஒரு வாரம் தங்கினாலே பெரிது. அதனால் இன்றைக்கே புகார் கொடு, எந்தக் கடை, எத்தனை மணி என்று எழுதி, பதிவை எடுத்து வைக்கச் சொல்லி, கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள். இன்னொன்று. என்னிடம் வந்த ஒரு வழக்கில் அரிசி மூட்டைக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த கேமராப் பதிவுப் பெட்டியின் கடிகாரம் 22 நிமிடம் பின்தங்கியிருந்தது. முதலில் தேடியவர்கள் சரியான மணியைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள், திருடன் அதே பதிவில்தான் இருந்தான். கடைத் திரையில் தெரியும் நேரத்தையும் உன் போன் காட்டும் நேரத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்.

கேள்வி: கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ போதாதா?

பதில்: துப்புக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் எண்ணும், அதாவது பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணும், இருக்க வேண்டும். மூலப் பெட்டியிலிருந்தே போலீஸ் எடுக்கட்டும்.

கேள்வி: முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்களாமே, சட்டம் அனுமதிக்கிறதா?

பதில்: எனக்குக் கவலை தருவதே இதுதான். இதற்கென்று தனிச் சட்டம் நாட்டில் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் சொல்லியாகிவிட்டது, அதில் கைவைக்க ஒரு சட்டமும் நியாயமான அளவும் வேண்டும் என்றும் சொன்னார்கள். டெல்லியில் காணாமல்போன குழந்தைகளைத் தேடக் கொண்டுவந்த இதே வசதியை, 2020 கலவர வழக்குகளில் ஆள் அடையாளம் காணவும் பயன்படுத்தினார்கள். சட்டம் எழுதாத இடத்தில் எல்லை நகர்ந்துகொண்டேதான் போகும்.

கேள்வி: சார், விசாரணைக்கென்று கூட்டிப்போன என் மகனை ஸ்டேஷனில் அடித்திருக்கிறார்கள். அங்குள்ள கேமரா பதிவு கிடைக்குமா?

பதில்: கேளுங்கள் அம்மா, தயங்கவே வேண்டாம். எல்லா ஸ்டேஷனிலும், லாக்கப், வராந்தா, வாசல் உட்பட, கேமரா வைத்து 18 மாதப் பதிவு காக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு. வசதி இல்லாத இடத்திலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது. மாநில மனித உரிமை ஆணையம் அதை வரவழைக்கலாம். மகன் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் எழுதி மனுவில் சேருங்கள், அப்புறம் இன்றே அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிவு செய்யுங்கள்.